பவளம் லாட்ஜில் துண்டு காயவில்லை

நாறுகிறதா? இங்கே கொண்டாரும். முகத்துக்கு நேரே நீட்டாதேயும், ஓய். மேஜை மேல் போடும். இல்லை, மேஜை மேல் வேண்டாம், நான் காப்பி வைக்கிற இடம். அந்த நாற்காலி முதுகில் தொங்கப் போடும்.

நாறத்தான் செய்யும். எனக்குத் தெரியாதா? இந்த சீசனில் இந்தப் படி இறங்கி வந்த பாதிப் பேர் உம்மைப் போலத்தான். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி, இரண்டு விரலில் துண்டு. முகத்தில் ஒரு அருவருப்பு. நான்தான் எலியைக் கொன்று அவர்கள் கட்டிலில் போட்ட மாதிரி ஒரு பார்வை.

வேறு துண்டு தரலாம். அலமாரி நிறைய இருக்கிறது. எல்லாம் இதே நாற்றம். அதை வாங்கிக்கொண்டு மாடியேறி, மோந்து பார்த்து, மறுபடி இறங்கி வந்து... எதற்கு? உட்காரும். நான் எதில் முகம் துடைக்கிறேன் தெரியுமா? வேட்டித் தலைப்பில். லாட்ஜ் முதலாளி! 

எந்த ஊர் என்று சொன்னீர்? தூத்துக்குடியா? நாளைக்குத்தானே கிளம்புகிறீர்? சரி, உட்காரும். மழை விடட்டும். குற்றாலத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டு மழை விடட்டும் என்கிறேன், பாரும்.

தூத்துக்குடியில் என் வீட்டுக்காரி இருக்கிறாள். மகள் செண்பகம் வீட்டில். ஆனி மாதம் போனாள். இதோ, ஆடி முடியப் போகிறது. இந்தத் துண்டால்தான் போனாள். சிரிக்காதேயும். வேறொருத்தி பின்னால் நான் போய், அவள் கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் ஊரில் எனக்கு ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். துண்டு நாறி ஒருத்தி புருஷனை விட்டுப் போனாள் என்று கேள்விப்பட்டிருக்கிறீரா? 

வெளியே போர்டு பார்த்தீரா? பவளம் லாட்ஜ். பவளம் அவள் பேர்தான். கல்யாணமான புதிதில் ஆசையாக வைத்தேன். புத்தி அப்போது அப்படி இருந்தது.

போன சீசன் வரைக்கும் துண்டுப் பேச்சே இந்தக் கவுண்டர் மேஜைக்கு வந்ததில்லை. மாடத்தி என்று ஒருத்தி துவைப்பாள். பவளம் காயப்போடுவாள், மடிப்பாள், அடுக்குவாள். வருகிறவன் துடைப்பான், போவான். துண்டைப் பற்றி மனுஷன் நினைப்பானா? நினைக்கவே கூடாது. இந்த வருஷம்தான் எனக்கு முழு நேரமும் துண்டு நினைப்பு. சோறு வாயில் வைத்தால்கூட அந்த வாடை வருகிறது. ஈரச் சாக்கு, பழைய எண்ணெய், நாய் நனைந்த வாடை, மூன்றையும் சேர்த்துக் கட்டின மாதிரி. தூ.

காரணம் யார்? நான் சொல்லுகிறேன். வருகிறவர்கள்தான். உம்மைச் சொல்லவில்லை. உம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். அருவிக்கரையில் கோவணத்தோடு படுத்து, ஒரு படி எண்ணெயை உடம்பில் தேய்க்கச் சொல்லி, மடார் மடார் என்று அடி வாங்குகிறீர்கள். அருவியில் நின்றால் எண்ணெய் போய்விடும் என்று நினைப்பு. போகாது. அப்படியே வழுக்கிக்கொண்டு லாட்ஜுக்கு வந்து, என் துண்டில் துடைக்கிறீர்கள். துண்டு துண்டாகவா இருக்கும்? அப்பளம் பொரித்து வடிகட்டின துணி மாதிரி இருக்கிறது.

போன மாதம் ஒவ்வொரு அறையிலும் எழுதி ஒட்டினேன்: ‘எண்ணெய் உடம்பை லாட்ஜ் துண்டில் துடைக்காதீர்.’ என்ன செய்தார்கள் தெரியுமா? படுக்கை விரிப்பில் துடைத்தார்கள். ஒருத்தன் ஜன்னல் திரையில் துடைத்தான். திரையில் முதுகு அச்சு அப்படியே இருக்கிறது. வந்து பாரும், முதுகெலும்புகூடத் தெரியும். சீ.

வெந்நீரா? காலையில் வரவில்லையா? வராது. மேகம் போட்டிருக்கிறது. மாடியில் சூரிய வெந்நீர் வைத்திருக்கிறேன், வெயில் இருந்தால் வரும். பங்குனியில் தென்காசியிலிருந்து ஒருத்தன் வந்தான். டை கட்டியிருந்தான். “அண்ணாச்சி, இனிமே விறகு கெடையாது, புகை கெடையாது, சாம்பல் கெடையாது. குழாயைத் தொறந்தா கொதிக்கும்” என்று சொன்னான். கொதிக்கவும் செய்தது. பங்குனியில் இந்த மேஜைகூடத்தான் கொதிக்கும். பவளம் அன்றைக்கே சிரித்தாள். “சீசன்ல சூரியனை யாரு கூட்டிட்டு வருவா? அந்த டை கட்டுனவனா?” என்று கேட்டாள். அவளுக்கு எதையும் புதிதாகச் செய்யக்கூடாது.

அருவி இருக்கிற ஊரில் வெந்நீர் எதற்கு என்று நான் கேட்கிறேன். சரி, அது போகட்டும். உம்மோடு துண்டுப் பேச்சுத்தான்.

முந்தி வெந்நீர் எப்படிக் கொடுத்தோம் என்றா? கொப்பரையில். நீர் படுத்திருக்கிற எட்டாம் நம்பர் இருக்கிறதே, அதுதான் வெந்நீர் அறை. ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய செம்புக் கொப்பரை. விடியற்காலையில் விறகை வைத்தால் பொழுது சாயும்வரை அடுப்பு கனியும். புகை. சாம்பல். உள்ளே போனால் வேர்த்துக் கொட்டும். இந்த மழையிலும் அந்த அறைச் சுவரைத் தொட்டால் சுடும். ஒரு நல்ல அறை வீணாகப் போகிறதே என்று எனக்கு வருஷக்கணக்காக உறுத்தல். சூரிய வெந்நீர் வந்ததும் கொப்பரையைத் தூக்கிப் பின்பக்கம் கவிழ்த்தேன். அடுப்பை இடித்தேன். தரைக்குக் கல் போட்டு, கட்டில் போட்டு, கண்ணாடி வைத்தேன். அருமையான அறை. ஆனாலும் அதற்கும் குறை சொல்லுகிறவன் உண்டு.

என்னது? கம்பியா? ஆமாம், உத்தரத்தில் கம்பி கம்பியாக இருக்கும். தலையில் இடித்ததா? இடிக்காதே, உயரத்தில்தானே இருக்கிறது. அது பழைய கம்பி. பவளம் அதில்தான் துண்டு காயப்போடுவாள். வெட்டி எடுக்கச் சொன்னேன், ஆள் வரவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும், உமக்கென்ன?

எங்கே விட்டேன்? ஆங், எண்ணெய்.

கொப்பரையைத் தூக்கின அன்றைக்குப் பவளம் வாசலில் நின்று கேட்டாள். “துண்டை எங்கன போட?” 

“மாடி கெடக்குல்லா” என்றேன்.

“மாடியில குரங்கு கெடக்கு, மழை கெடக்கு.”

“ஏட்டி, உனக்கு அந்தப் புகையிலே நின்னு நின்னு அதுவே ருசியாப் போச்சு.”

அப்படியே உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போட மாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. சண்டை போட்டால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்துவிடுவேன்.

சாரல் விழுந்தது. மாடியில் கயிறு கட்டிப் போட்டாள். வெயில், பஸ் ஜன்னலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். போட ஏறுவாள், எடுக்க ஏறுவாள். முட்டிவலிக்காரி. குரங்கு ஒன்று நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு எதிர் மரத்தில் போய் உட்கார்ந்தது. மோந்து பார்த்தது. கீழே போட்டுவிட்டது. குரங்கு, ஓய்! நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு காரிடாரில் கயிறு. வருகிறவன் முகத்தில் ஈரத்துண்டு அடிக்கும். பிறகு மாடிப்படிக் கைப்பிடியில். துண்டு தொட்டால் சில்லென்று இருக்கும். காய்ந்த மாதிரியும் இருக்கும், காயாத மாதிரியும் இருக்கும். “மடிச்சு வையி, உள்ள போய்க் காயும்” என்று நான்தான் சொல்லுவேன். ஆள் வந்து வாசலில் நிற்கிறது, துண்டு காய்கிறவரைக்கும் நிற்கச் சொல்லவா முடியும்? அவள் மடிப்பாள். மடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாள்.

மாடத்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஒழுங்காகத் துவைப்பதில்லை, சோப்பைத் திருடுகிறாள் என்று. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “மொதலாளி, சோப்பு வாசனை வேணும்னா சோப்பை வாங்கி மூஞ்சியில தேச்சுக்கிடுங்க. நான் தேய்க்க தேய்ப்புல துண்டுல பூவே அழிஞ்சு போச்சு” என்றாள். போ வெளியே என்றேன். போய்விட்டாள். பவளம் அவள் பின்னாலேயே வாசல்வரை போனாள். மாடத்தி கையில் ஒரு பை கொடுத்தாள். என்ன கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

துவைக்க மெஷின் வாங்கினேன். முன்பக்கம் வாயைத் திறக்கிற மெஷின். “காயவெச்சும் தரும் அண்ணாச்சி” என்று விற்றவன் சொன்னான். சொட்டாது, அவ்வளவுதான். அதற்குப் பேர் காய்கிறதா? அந்த வாய் ஓரத்தில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் அதை விலக்கிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று, தவளை முதுகு மாதிரி ஒரு பாசி. யாரோ ஒருத்தனுடைய தலைமுடி வேறு சுருண்டு கிடந்தது. அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. நம்மைச் சுத்தம் பண்ண வந்த சாமானை நாம் சுத்தம் பண்ணவேண்டியிருக்கிறது.

அதற்கப்புறம் வைத்தியம். ஊரில் எல்லோரும் துண்டு வைத்தியர்தான். ஒருத்தன் சோடா உப்பு என்றான். ஒருத்தன் எலுமிச்சம்பழம் என்றான். வினிகர் ஊற்றச் சொன்னான் ஒருத்தன், ஊற்றினேன். ஐந்தாம் நம்பர்க்காரர் வந்து, “ஐயா, ஊறுகாய் துடைச்ச துண்டை மாத்திக் குடுங்க” என்றார். துணிக்குப் போட ரோஜாப்பூ வாசனை நீலத் தண்ணீர் ஒன்று கடையில் விற்கிறான். அதில் முக்கினால் துண்டு தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்கிறது. உடம்பில் தண்ணீரை இங்கேயும் அங்கேயும் தள்ளுகிறது. நாற்றமும் போகவில்லை. பிணத்துக்கு மாலை போட்ட வாடை. அலமாரிக்குள்ளே சாம்பிராணி போட்டேன். ஒரு குடும்பம் பெட்டியோடு உள்ளே நுழைந்து, மோந்து பார்த்துவிட்டு, “பக்கத்துல துக்க வீடா?” என்று மெதுவாகக் கேட்டது. திரும்பிப் போய்விட்டது.

பாச்சா உருண்டையும் வைத்தேன். அதைச் சொல்லவேண்டாம். ஒரு கிழவருக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. 

இத்தனை நான் செய்தேன். அவள் என்ன செய்தாள்? பின்பக்கம் போய், கவிழ்ந்து கிடக்கிற கொப்பரைப் பக்கத்தில் நிற்பாள். கொப்பரையின் மேல் நாய் படுத்திருக்கும். அதைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவாள். நாயையா கொப்பரையையா, எனக்குத் தெரியாது.

போனது எப்படி என்று கேட்கவில்லையே நீர்? சொல்லுகிறேன்.

ஆனி மாதம். ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு. ராஜபாளையமோ என்னவோ. குழந்தையை அருவித் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டியிருக்கிறாள். நம் துண்டில் சுற்றியிருக்கிறாள். குழந்தை வீல் வீல் என்று கத்துகிறது. அந்தப் பெண் கீழே வந்தாள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பவளம்தான் இந்த நாற்காலியில் இருந்தாள். அந்தப் பெண் துண்டைக் கையில் கொடுத்தாள். கத்தவில்லை. “பாட்டி, பச்சப்புள்ள உடம்புல இதைப் போட்டுட்டேன். நீங்களே மோந்து பாருங்க” என்றாள்.

பவளம் மோந்து பார்த்தாள். எல்லோருக்கும் முன்னால். பிறகு எழுந்து, தன் சேலை முந்தானையால் அந்தக் குழந்தையைத் துடைத்தாள். கை இடுக்கு, கழுத்து இடுக்கு எல்லாம் துடைத்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. லாட்ஜ் வைத்திருக்கிறோமா, ஆயா வேலை பார்க்கிறோமா?

“எண்ணெய் தேய்க்கவங்க வாரதுனால அப்படித்தாம்மா இருக்கும்” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

பவளம் என்னைப் பார்த்தாள். “எண்ணெயா?” என்றாள். “முப்பது வருசமா எண்ணெய் தேய்க்காமலா குளிச்சாவ?”

“பின்ன நீ ஒழுங்கா காயப்போடல.” 

சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். உண்மையைச் சொன்னால் என்ன? காயப்போடுகிறது யார்? அவள்தானே?

அப்போதும் சண்டை போடவில்லை. உள்ளே போனாள். பையோடு வந்தாள். வாசலில் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தாள். “அதுல என் பேரை அழிச்சிட்டு வேற என்னமும் எழுதிக்கிடுங்க” என்றாள்.

“எப்ப வருவ?”

“துண்டு காஞ்சதும் ஒண்ணைக் குடுத்து விடுங்க. மோந்து பாத்துட்டு வாரேன்.”

அவ்வளவுதான். பஸ் ஏறிவிட்டாள். நான் போர்டை அழிக்கவில்லை. பெயிண்டர் கிடைக்கவில்லை.

தனியாக இருப்பது நிம்மதிதான், ஓய். தப்பாக நினைக்காதேயும். காலையில் ரேடியோ சத்தம் இல்லை. காப்பி கடையிலிருந்து வருகிறது. அதில் கடைக்காரன் கையைத் துடைக்கிற துணி வாடை. ராத்திரி இட்லி அதே கடை. அவன் இட்லித் துணியை எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைக்கிறான் என்று கேட்டேன். சண்டைக்கு வந்துவிட்டான்.

துண்டு அனுப்பவில்லையா என்றா? அனுப்பினேன். மாப்பிள்ளை வந்திருந்தார். இருக்கிறதிலேயே நல்ல துண்டாகப் பார்த்து, இஸ்திரி போட்டு, சூடு ஆறுமுன்னே கொடுத்து அனுப்பினேன். சூட்டில் வாடை தெரியவில்லை. தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் சூடு ஆறிவிட்டது போலிருக்கிறது. அடுத்த வாரம் பஸ் கண்டக்டர் ஒருத்தர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக் கவருக்குள்ளே கவர், அதற்குள்ளே கவர். வாயைச் சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. வெடிகுண்டைக்கூட அப்படிக் கட்ட மாட்டார்கள். அவிழ்த்துப் பார்த்தால் என் துண்டு. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. கண்டக்டர்தான் சொன்னார், “அண்ணாச்சி, பஸ்ஸுல கொண்டுவாரதுக்கு அந்தம்மா மன்னிப்புக் கேட்டுக் குடுத்தாவ” என்று.

என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்டக்டரிடம் கேட்டிருக்கிறாள்.

சரி. இப்போது உம் சங்கதிக்கு வருகிறேன். நீர் தூத்துக்குடி. மகள் வீட்டு விலாசம் சொல்லுகிறேன், பெரிய அலைச்சல் இருக்காது. ஒரு துண்டு தருகிறேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 

பயப்படாதேயும், இந்தத் துண்டு இல்லை. டிராயரைத் திறக்கிறேன், பாரும். இது. எப்படி இருக்கிறது? வெள்ளைவெளேர் என்று இல்லையா? புதிது. தென்காசி போய் வாங்கினேன். அவளிடம் புதிது என்று சொல்லாதேயும். ஓரத்தில் மற்றத் துண்டுகளில் இருக்கிற மாதிரியே லாட்ஜ் பேரை மையில் எழுதியிருக்கிறேன், பாரும். கஞ்சி போகட்டும் என்று நானே ஒருமுறை அலசினேன். ராத்திரி முழுதும் ஃபேனுக்கு அடியில் போட்டேன். மடித்து உள்ளே வைத்தேன். ‘நம்ம லாட்ஜ் துண்டுதான், இப்பல்லாம் இப்படித்தான் காயுது’ என்று கொடும். ஏமாற்று என்று நினைக்காதேயும். அவளை இங்கே வரவழைக்க வேண்டும், அவ்வளவுதான். வந்தபிறகு என்ன சொல்லப்போகிறாள்?

மோந்து பாரும். 

என்ன? ஏன் முகம் அப்படிப் போகிறது?

புதுத் துண்டு, ஓய் அது. எண்ணெய்க்காரன் எவனும் தொடவில்லை. மாடத்தி தொடவில்லை. மெஷினில் போடவில்லை. என் கையைத் தவிர வேறு கை படவில்லை. நன்றாக மோந்து பாரும். உமக்கு ஜலதோஷமோ என்னவோ. 

கொண்டாரும் இப்படி.

...

ம்.

மழை வலுக்கிறது. கேட்கிறதா? 

அந்தத் துண்டை நாற்காலியில் அதோடு சேர்த்துப் போடும். இரண்டும் கிடக்கட்டும்.

நாளைக்கு எப்போது காலி பண்ணுகிறீர்? கொஞ்சம் சீக்கிரமே பண்ணும். எட்டாம் நம்பர்க் கட்டிலை வெளியே எடுக்க வேண்டும். கொத்தனாரை வரச் சொல்லப்போகிறேன். விறகுக்காரனிடமும் பேச வேண்டும். எதற்கா? நீர்தானே காலையில் வெந்நீர் வரவில்லை என்றீர்? வருகிறவன் எல்லாம் வெந்நீர், வெந்நீர் என்று உயிரை எடுத்தால் நான் என்ன செய்வேன்? உங்களுக்காகத்தான் செய்கிறேன். துண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கம்பியை இனிமேல் யார் வெட்டி எடுக்கிறது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். 

இந்தாரும். இது என் வேட்டி. நேற்று இஸ்திரி கடையிலிருந்து வந்தது. இதில் தலையைத் துவட்டும். சளி பிடித்தால் அதற்கும் லாட்ஜைத்தான் சொல்லுவீர்.

தூத்துக்குடியில் அவளைப் பார்த்தால் துண்டுப் பேச்சு எடுக்க வேண்டாம். கொப்பரையை நிமிர்த்தியாயிற்று, நாய்க்கு வேறு இடம் பார்க்கிறார் என்று சொல்லும். பேச்சுவாக்கில். அவள் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

சரி, போம்.

ஓய், நில்லும். கேட்காவிட்டாலும் சொல்லும்.